கமலாவுக்கு, உன் மருமகளைப் பற்றி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் கமலா,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தை முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்ததையும், பேறு முடிந்த கையோடு எடுத்த இரத்தப் பரிசோதனையில் துத்தநாகம் குறைந்திருந்ததைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்த வினை என்று வீட்டார் உன் மருமகளை ஏசுவதையும் வாசித்து மனம் நொந்துபோனேன். அந்தப் பேச்சை முதலில் நிறுத்து.

மூளையாகவும் முண்ணாணாகவும் (முதுகுத்தண்டினுள் ஓடும் நரம்புத் தண்டு) வளரவேண்டிய நரம்புக் குழாய், கரு உருவாகி ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடுகிறது. அது சரியாக மூடாமல் போவதால்தான் இந்தப் பிளவு வருகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். பேற்றின்பின் எடுத்த இரத்தம் அந்த நாலாம் வாரத்து நிலையை எப்படிச் சொல்லும்? அதோடு, கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் நலமான தாய்க்கும் துத்தநாக அளவு இறங்கியே காட்டும். துத்தநாகத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடல் அதை உறிஞ்ச முடியாத ஒரு பரம்பரை நோயுள்ள தாய்மார், அதற்குச் சிகிச்சை வருமுன், கடும் ஊனமுள்ள குழந்தைகளைப் பெற்றதாகப் பதிவு உண்டு. ஆனால் உன் மருமகளுக்கு அந்த நோய் இல்லையே.

உறுதியாக நிரூபணமானது போலிக் அமிலம்தான். அது தாதுப்பொருள் அல்ல, விற்றமின். 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வில், முன்னர் இத்தகைய குழந்தை பெற்ற தாய்மாருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது, மீண்டும் அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. வழமையான 400 மைக்ரோகிராமின் பத்து மடங்கு அது. ஆகவே கடையில் தானாக வாங்கிப் போடாமல், அடுத்த கருவுக்கு முன்பே வைத்தியரைக் காணச் சொல்.

அயடீனும் இரும்பும் வேறு கதை. அயடீன் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கடலோரத்தில் இருக்கிறோம், நமக்கென்ன என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். கடலுப்பில் இயல்பாக அயடீன் மிகச் சொற்பமே. அயடீன் சேர்த்த உப்பை வாங்கினாலும், அடுப்பருகே திறந்த சிரட்டையில் ஈரம் கசிய வைத்தால் அது குறைந்துவிடும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை, இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் தேநீரோடு விழுங்கும் பழக்கத்தையும் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் கண்டித்திருக்கிறேன்.

அவளுக்கு நீரிழிவு இருக்கிறதா, வலிப்புக்கு மருந்து எடுக்கிறாளா என்று யாராவது கேட்டார்களா? இரண்டுமே இந்த ஆபத்தைக் கூட்டக்கூடியவை. விசாரித்து, அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
தவம்