பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டை விற்பதற்கு முன்னால் சமையலறையை இடித்துப் புதிதாகப் பண்ணிவிடலாமா என்று போன வாரம் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்தாயிற்று. வேண்டாம்.

உன் ரசனைக்கு நீ பதிக்கிற டைல்ஸை, வாங்குகிறவர் குடிவந்த மாதமே பெயர்த்துப் போடலாம். செலவழித்தது முழுசாகத் திரும்பும் என்று உனக்கு யாரும் எழுதித் தரப்போவதில்லை. அதில் கால்வாசிப் பணம் போதும். ஒழுகுவதை நிறுத்து, உரசுவதைச் சரிசெய், ஓதம் ஏறிய சுவரைக் காய வை. பெயின்ட் எல்லாம் அப்புறம்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் அரைமணி நேரம். அஸ்திவாரத்தைப் பார்க்க முடியாது, கூரைக்குள் இருக்கும் கம்பியைப் பார்க்க முடியாது. கண்ணில் படுவதை வைத்துத்தான் படாததை ஊகிக்கிறார்கள். குழாய் சொட்டினால், 'இதையே கவனிக்காதவர் மொட்டை மாடியை எங்கே கவனித்திருக்கப் போகிறார்' என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி என்று வைத்தாலும் தினம் 4 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு வாஷர்தான் காரணம்.

ஃப்ளஷ் டேங்கில் சத்தமில்லாத ஒழுக்கு இருக்கும். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சாயத்தைக் கலந்து, அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடாதே. கீழே பீங்கானில் சாயம் தெரிந்தால் டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் போய்விட்டது.

படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது என்றாயே, உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லிவிடாதே. மழைக்காலத்தில் ஊதிய மரத்தை இழைத்தால் வெயில் வந்ததும் இடைவெளி விட்டுப் பல்லிளிக்கும். முதலில் மேல் கீலைப் பார். திருகு தளர்ந்து கதவு சரிந்திருக்கலாம். துளை பெரிதாகிப் போயிருந்தால் இரண்டு தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டு, பசையில் தோய்த்துச் செருகு. காய்ந்த பிறகு திருகை முடுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது சுவருக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் வீட்டை விற்றபோது பின்னறையில் பீரோவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்திருந்தது. 'ரெண்டு கோட் அடிச்சா தெரியாதுக்கா' என்றார் பெயின்டர். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. அடித்தோம். ஒரு மாதம் கழித்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. கூடவே ஒரு பெரியவர். வாயே திறக்கவில்லை. சுவர் ஓரமாகவே கையை வைத்துக்கொண்டு நடந்தார். பின்னறைக்கு வந்ததும் குனிந்து கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை என் பக்கம் நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை. நானாக இருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன்.

அந்த வெள்ளைப் பொடி வேறொன்றுமில்லை, உப்பு. சுவருக்குள் ஏறிய தண்ணீர் செங்கலிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்குகிறது. அதன்மேல் பெயின்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எந்தப் பூச்சும் நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, வெளியே சுவரை ஒட்டி மண் உயரமாக ஏறிக் கிடக்கிறதா, மேலே இருந்து மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குகிறதா என்று பார். என் வீட்டில் குளியலறைக் குழாயின் ஒரு இணைப்பு.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடு. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறையின் காற்றில் ஈரம் அதிகம், ஜன்னலைத் திறந்து வை.

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதே, கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளு. சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கச் சொல்கிறேன்.

வாசனை விஷயத்தில் உன் மூக்கை நம்பாதே. தொடர்ந்து இருக்கும் வாசனையை மூக்கு சில நிமிடங்களிலேயே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உன் வீட்டுக்கு இதுவரை வராத ஒருவரை அழைத்து, வாசலில் நிறுத்தி என்ன வாசனை என்று கேள். ரூம் ஸ்பிரே அடித்து வைக்காதே. எதையோ மறைக்கிறோம் என்று நாமே அறிவிக்கிற மாதிரி அது.

சாமான்களைக் குறை. அலமாரியைக் கட்டாயம் திறந்து பார்ப்பார்கள், பாதி காலியாக இருந்தால் வீட்டில் இடம் நிறைய இருக்கிறது என்று தோன்றும். ஒரே அறையில் 2,700 கெல்வின் மஞ்சள் பல்பும் 6,500 கெல்வின் வெள்ளை பல்பும் கலந்து எரிந்தால் போட்டோவில் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும், ஏதாவது ஒன்றாக மாற்று.

விலை பற்றி ஒன்று. கானெமன், நெட்ச், தேலர் என்ற மூன்று பேர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சும்மா ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்து சில நிமிடமே ஆன கோப்பைக்கே அப்படி. நீ பதினேழு வருஷம் இருந்த வீட்டுக்கு மனசில் என்ன விலை வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதைத் தரகரிடம் உடனே சொல்லிவிடாதே. அக்கம்பக்கத்தில் அண்மையில் எது என்ன விலைக்குப் போனது என்று முதலில் கேள்.

பின்னறைச் சுவரை இரண்டாவது முறை சரிசெய்த பிறகு, வந்தவர்களிடம் நானே காட்டினேன். எந்தக் குழாய், எப்போது மாற்றியது, பிளம்பர் கொடுத்த ரசீது எல்லாம் ஒரு ஃபைலில். அதற்குப் பிறகு யாரும் சுவரை அழுத்திப் பார்க்கவில்லை.

இன்றைக்கு ராத்திரியே பீரோவை ஒரு முழம் நகர்த்திப் பார். தனியாக இழுக்காதே, முதுகு பிடித்துக்கொள்ளும். போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கா