வலி இல்லன்னு சொல்ற மகளுக்கு

பாப்பா,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற, மெசேஜ் போட்டா "லேப்ல இருக்கேம்மா"ன்னு ஒத்த வரி. சரி, வேலை இருக்கும். அதான் எழுதுறேன், பொறுமையா படி.

நீ அனுப்புன போட்டோவ திரும்பத் திரும்பப் பாத்தேன். மூட்டு மாத்து ஆபரேஷன்ல எடுத்த குருத்தெலும்புக்கு சாயம் போட்டதுன்னு சொன்னியே, ஒரு ஓரம் நல்லா செவப்பா இருக்கு, போகப் போக வெளுத்து, மேல்பக்கம் பிஞ்சு நார் நாரா கெடக்கு. தண்ணியப் பிடிச்சு வெக்கிற அக்ரிகன்ங்கற புரதம் போயிட்டா சாயம் ஏறாதுன்ன, மறக்கல. மூட்டுத் தேய்மானம்னா டயர் மாதிரி வயசானா தேயுறதுன்னுதான் நானும் நெனச்சேன், வெறுமனே தேயுறது இல்லம்மா, அங்க இருக்கற செல்லே என்சைம் விட்டு அதை அரிக்குது, மூட்டச் சுத்தியிருக்கற சவ்வு வீங்குது, அடியில எலும்பு கெட்டியாகுது, மொத்த மூட்டுக்கும் வர்ற நோயின்னு நீ சொன்னத இப்ப பெரியம்மாவுக்கு நான் வகுப்பெடுக்குறேன். 2019-லயே உலகத்துல 52 கோடிப் பேருக்கு மேல இருந்துச்சாம், அரிக்குறத நிறுத்த இன்னும் ஒரு மருந்து இல்ல. அதுக்கு எம்பொண்ணு மெனக்கெடுறான்னா எனக்குப் பெருமை இல்லாம இருக்குமா?

ஆனா அன்னைக்கு வீடியோல நீ மேசையப் பிடிச்சு எந்திரிச்ச. அப்பாவும் பாத்தாரு. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல.

இடது கால்தானே? அந்த செமிஃபைனல்ல முட்டி எலும்புகளக் கட்டி வெக்கிற லிகமென்ட் கிழிஞ்ச கால். முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல் லிகமென்ட்டோ, மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸோ கிழிஞ்சவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10-லருந்து 20 வருஷத்துல தேய்மானம் வருதுன்னு உன் தீசிஸ்லயே இருக்கு, புரியாட்டியும் மொத அத்தியாயம் முழுக்கப் படிச்சேன். குருத்தெலும்புல நரம்பே கெடையாது, கெட ஆரம்பிக்கும்போது வலி காட்டாதுன்னும் நீதான் எழுதியிருக்க. அப்புறம் "வலிலாம் இல்லம்மா"ன்னு நீ சொல்றத வெச்சு நான் எப்படிடி நிம்மதியா இருக்கறது? ஊருக்கெல்லாம் மூட்டு பாக்குறவளுக்கு தன் மூட்டப் பாக்க நேரமில்லையா?

தொடைத் தசை எக்சர்சைஸ விட்றாத. பிசியோ சொன்னதத்தான் சொல்றேன், தசை பலமா இருந்தா முட்டிக்குப் பாரம் கொறையும். வலிக்குதுன்னு படுத்துக்காத, நட. மைக்ரோஸ்கோப் முன்னாடி மணிக்கணக்கா மடக்கி உக்காராத, நடுவுல எந்திரிச்சு நாலு எட்டு நட. எக்சர்சைஸ விட்றாத, மறுபடி சொல்றேன்னு கோவப்படாத.

இந்த வாரமே டாக்டரப் போய்ப் பாரு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு பழைய ரிப்போர்ட்டக் காட்டாத, குருத்தெலும்பு எக்ஸ்ரேல தெரியாதுன்னு எனக்கும் இப்ப தெரியும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா எடுத்துரு, செலவ நான் பாத்துக்கறேன். ஆனா "நல்லாத்தான் இருக்காம்"னு மெசேஜ் மட்டும் போடாத, ரிப்போர்ட்டையே அனுப்பு.

அம்மா