குதிரை வாங்கப் போகிறேன் என்ற மகளுக்கு

அம்மிணி,

நேற்று ராத்திரி நீ போனில், "அம்மா, இந்த ஆடிக்கு அந்தியூர் சந்தைக்கு வந்து ஒரு குதிரை பிடிக்கலாம்னு இருக்கோம்" என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, அப்போதே யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஓசூர் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் வாங்கிய அந்த ஒரு ஏக்கரில் ஒரு குதிரை நின்றால் எப்படி இருக்கும் என்று நானும் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ஆனால் கண்ணு, நம் குதிரை பவுனுவை நீ பார்த்துக்கொண்டதெல்லாம் லீவு நாளில். மற்ற நாளெல்லாம் அவளோடு இருந்தவள் நான். இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிச் சிரித்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

2009 ஆடியில் உங்கப்பா அதே அந்தியூர்ச் சந்தைக்கு, புதுப்பாளையம் குருநாதசாமி திருவிழாவுக்குக் காளை பார்க்கத்தான் போனார், திரும்பி வரும்போது வேனில் குதிரை நின்றது. நீ அப்போது எட்டாவது படித்தாய், பாவாடையோடு வாசலுக்கு ஓடி வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. செவலை நிறம், வெயில் பட்டால் பொன் மாதிரி மின்னும், காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். கத்தியவாடி ஜாதி என்றார்கள். 45 ஆயிரம் ரூபாய். விற்றவர் 4 வயசு என்று சத்தியம் பண்ணினாராம். கூடப் போன சொந்தக்காரர்கள் எல்லோரும் சுழி பார்த்தார்கள், நெற்றிச் சுழி சரி, கழுத்துச் சுழி சரி என்று சொன்னார்கள், ஒருத்தர்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஊசி போட வந்த டாக்டர்தான் உதட்டைத் தூக்கிக் காட்டினார். 4 வயசுக் குதிரைக்கு ஓரத்துப் பால்பல் விழுந்திருக்காது, இவளுக்கு எல்லாம் விழுந்து முளைத்து, கீழ் முன்பல்லில் இருக்கிற குழிகூடத் தேய்ந்து போயிருந்தது, 8 வயசு ஆகிவிட்டது என்றார். அவள் நல்ல குதிரையாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். நீ சந்தைக்குப் போனால் தரகரைக் கூட்டிக்கொண்டு போகாதே, குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போ, அவருக்குக் கொடுக்கிற காசைக் கணக்குப் பார்க்காதே.

அப்புறம் தீனி. இதில் நான் செய்த தப்பை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான் மாடு கட்டிய வீட்டிலிருந்து வந்தவள், உன் அப்புச்சி வீட்டுக் கட்டுத்தரையில் எப்போதும் ஏழெட்டு காங்கேயம் மாடு நிற்கும், குதிரையும் அதுபோலத்தானே என்று நினைத்துவிட்டேன். மாடு வயிறு முட்ட மேய்ந்துவிட்டு நிழலில் படுத்து அசைபோடும். குதிரை அசைபோடாது. உடம்பு அத்தனை பெரிசு, இரைப்பை மட்டும் சின்னது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூராவும் தின்றுகொண்டே இருக்க வேண்டும், ராத்திரியும்தான். நான் காலையில் ஒரு கட்டு, பொழுதோட ஒரு கட்டு போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவள் வெறும் வயிற்றோடு நின்று கம்பத்தைக் கடித்துக் கடித்துப் பாதியாக்கினாள். திமிர் என்று நினைத்து இரண்டு தடவை அடித்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

அதைவிடப் பெரிய தப்பு கோ-4 என்கிற தீவனப் புல். 2011 வாக்கில் நம் பக்கம் எல்லோரும் அதைத்தான் நட்டார்கள், மாடு நன்றாகப் பால் கறந்தது, பவுனுவுக்கும் அதையே வெட்டிப் போட்டேன், ஒரு வருஷத்துக்கு மேல் வேறு எதுவும் போடவில்லை. நடை மெதுவாகக் கெட்டது. இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால், எங்கே வலி என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, மூக்குக்கு மேலே முகத்தெலும்பு இரண்டு பக்கமும் தடித்துவிட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார்: அந்தப் புல்லில் ஆக்சலேட் என்று ஒன்று இருக்கிறதாம், அது தீனியில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாட்டு வயிற்றில் இருக்கிற கிருமிகள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை, உடம்புக்கு வேண்டிய கால்சியத்தை அது தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். புல்லைக் குறைத்து, சோளத்தட்டும் குதிரை மசால் என்கிற தீவனச் செடியும் சேர்த்துப் போடச் சொன்னார். பேரிலேயே குதிரை இருக்கிறது பார், அந்த மசால் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வருஷமாகப் பச்சைப் பசேல் என்று நின்றது. நொண்டல் விட்டுப்போக ஆறேழு மாதம் ஆயிற்று.

இனி உனக்கு இதுவரைக்கும் சொல்லாத ஒன்று.

2014 ஐப்பசி, மூன்று நாளாக விடாத மழை. நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய், முதல் செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உங்கப்பா கரூரில் ஒரு சாவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வேலைக்கு வந்த ஆள் நனைந்து பூசணம் பிடித்த கடலைக்கொடியை அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், நான் கவனிக்கவில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு டம் டம் என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், பவுனு முன்னங்காலால் தரையைத் தோண்டுகிறாள், கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்க்கிறாள், அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வேர்வை. படுக்கிறாள், புரளுகிறாள், எழுந்திருக்கிறாள், மறுபடியும் படுக்கிறாள். பக்கத்தில் தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மூன்றாவதாகக் கூப்பிட்டவர்தான் எடுத்தார், தாராபுரத்திலிருந்து வர வேண்டும், வழியில் தண்ணீர் ஓடுகிறது, எப்படியும் வருகிறேன், அதுவரைக்கும் தீனி எதுவும் கொடுக்காதே, புரளவிடாதே, மெதுவாக நடத்திக்கொண்டே இரு என்றார். தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி எண்ணச் சொன்னார். 72. நல்லா இருக்கிற குதிரைக்கு 40-க்குள்தான் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, கண்ணு. நமக்கு வயிறு சரியில்லை என்றால் வெளியே தள்ளிவிடும், அதற்கு அந்த வழியே கிடையாது, உள்ளே போனது போனதுதான். வயிற்று வலி முற்றினால் குதிரை சில மணி நேரத்திலேயே செத்துப்போகவும் கூடும் என்கிறார்கள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்த மழையில் களத்தைச் சுற்றிச் சுற்றி அவளை நடத்தினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று அவள் விலாவில் காதை வைத்துக் கேட்பேன். சாதாரணமாகக் குதிரையின் வயிற்றில் எந்நேரமும் கடமுட என்று சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை, காலிப் பானைக்குள் காதை வைத்த மாதிரி இருந்தது. அவள் தலையை என் தோளில் போட்டுவிட்டாள், அந்தக் கனம் முழுவதும் என் மேல். நான் கருப்பராயனைக் கூப்பிட்டேன், கோயிலில் இருக்கிற அந்த மண்குதிரையைக்கூடக் கூப்பிட்டேன்.

டாக்டர் வரும்போது மணி ஒன்றரை. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார், இனிமேல் அவள் கையில்தான் இருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விடிய நாலரை மணிக்கு விலாவில் காதை வைத்தேன், தூரத்தில் வண்டி போகிற மாதிரி ஒரு சின்ன உருட்டல் சத்தம். ஆறு மணிக்கு மூன்று உருண்டை சாணி போட்டாள். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதேன், டாக்டர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். உனக்குப் பரீட்சை என்பதால் சொல்லவில்லை, அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

லாடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீயே பார்த்திருக்கிறாய். மாட்டுக்கு லாடம் கட்டுகிற ஆள் கிடைப்பார், குதிரைக்குக் கட்டத் தெரிந்தவர் பவானிப் பக்கத்திலிருந்து வர வேண்டும், ஆறு ஏழு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பைச் சீவியே ஆக வேண்டும், அவர் வரவில்லை என்றால் அந்த மாதம் பூராவும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஒரு தடவை வேறு ஒருத்தர் ஆணியைச் சதைக்குள் ஏற்றிவிட்டார். ரணஜன்னி, அதுதான் டெட்டனஸ், குதிரையைச் சட்டென்று பிடிக்கும், அதற்குரிய தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டுவிடு. மழைக்காலத்தில் தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டி முகர்ந்து பார், அழுகல் நாற்றம் வந்தால் அன்றைக்கே மருந்து. செலவு எங்களுக்கு, தீனியில் பாதி சொந்தத் தோட்டத்திலேயே விளைந்தும், மாதம் எட்டு ஒன்பதாயிரம் ஆகிறது. நீ எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினால் அதைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள், டாக்டர் செலவு தனி.

குட்டியை விற்றதற்கு நீ ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. 2016 மாசியில், பதினோரு மாதம் சுமந்து, நடுராத்திரியில் போட்டாள், ஒரு மணி நேரத்துக்குள் அது நான்கு காலையும் பரப்பிக்கொண்டு எழுந்து நின்றது, நீ வீடியோ காலில் கத்திய கத்தில் தெருவே எழுந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து இரண்டையும் வைத்துத் தீனி போட எங்களால் முடியவில்லை. அது போன பிறகு மூன்று ராத்திரி பவுனு கிழக்கே பார்த்துக் கனைத்துக்கொண்டே இருந்தாள், நானும் தூங்கவில்லை. அப்போதிலிருந்துதான் ஒரு வெள்ளாட்டுக் கிடாயைப் பக்கத்தில் கட்ட ஆரம்பித்தேன். குதிரையால் தனியாக இருக்க முடியாது. நீங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போய்விட்டால் அந்த ஒரு ஏக்கரில் அதற்கு யார் துணை? இதை நீ இன்னும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

2020-இல் உங்கப்பாவுக்கு முட்டி போனதிலிருந்து பவுனு மேல் யாரும் ஏறவில்லை. இப்போது அவளுக்கு 24 நடக்கிறது. கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டதால் தட்டை மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்பிவிடுகிறாள், கொள்ளை அவித்து, கோதுமைத் தவிட்டோடு கூழாகக் கரைத்து வைக்கிறேன். கண்ணுக்கு மேலே பள்ளம் விழுந்துவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை போகிற இடத்தில் சேணம் போட்டுத் தயாராக நிறுத்தியிருப்பார்கள், ஒரு மணி நேரம் ஏறி ஓட்டிவிட்டு வந்துவிடலாம். ஏறாமலே தீனி போடுகிற வருஷங்கள் இருக்கின்றன, அது நீ வாங்குகிற குதிரைக்கும் வரும், அப்போது உனக்கு 50 வயசு ஆகியிருக்கலாம்.

இவ்வளவு சொல்கிறாயே, பின்னே ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பாய். மத்தியானம் இரண்டு மணிக்கு நான் கட்டுத்தரையில் முருங்கைக்காயைக் கட்டுப் போட்டுக்கொண்டு இருப்பேன். பவுனு முன்காலை மடித்து, பெருமூச்சு விட்டு, பக்கவாட்டில் நீட்டிப் படுத்துவிடுவாள். குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும் என்பார்கள், அது அரைத்தூக்கம், ஆழ்ந்து தூங்க அதற்குப் படுக்க வேண்டும், பயம் இருக்கிற இடத்தில் படுக்காது. நான் எழுந்து வீட்டுக்குள் போனால் அவளும் எழுந்துவிடுவாள், திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி படுப்பாள். குறட்டை விடுவாள், கனவில் ஓடுகிற மாதிரி கால் நான்கும் துடிக்கும். எனக்கு எத்தனை வேலை இருந்தாலும் அந்த அரைமணி நேரம் நான் அசைய மாட்டேன். எனக்கு வேறு எதிலும் அப்படி ஒரு நிறைவு கிடைத்ததில்லை, உன்னைத் தொட்டிலில் போட்ட நாளைத் தவிர.

அதனால் சாமி, வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஆடிக்கு முன்னாடி, ஆனி மாதத்தில் 10 நாள் லீவு போட்டுவிட்டு நீயும் மாப்பிள்ளையும் இங்கே வாருங்கள். நானும் உங்கப்பாவும் பழனிக்குப் போய்விட்டு அப்படியே உன் சித்தி வீட்டில் தங்கிக்கொள்கிறோம், நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து தொடர்ந்து 10 நாள் வெளியே தங்கினதே இல்லை. பவுனுவை நீங்கள் இரண்டு பேர் மட்டும் பாருங்கள். கொள்ளை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், தவிடு நீலப் பீப்பாயில் இருக்கும், குளம்பு சுரண்டுகிற கொக்கி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். காலையில் ஐந்து மணிக்கே கனைக்க ஆரம்பித்துவிடுவாள். டாக்டர் நம்பரைச் சுவரில் பெரிசாக எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா