வழக்கு வாபஸ் ஆயிடுச்சு, கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

மேலூர், மதுரை, அப்புறம் எங்கிருந்தெல்லாமோ வந்து எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

2024 நவம்பரில் எங்கள் பக்கம் 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்டும் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாச்சு என்று செய்தி வந்தபோது, ஊரில் பாதிப் பேர் அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டார்கள். ஆனால் அரிட்டாபட்டி மலையும் குடைவரைக் கோயிலும் கண்மாயும் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தோமே, அன்று கடையை அடைத்துவிட்டு வந்த வியாபாரிகளுக்கும், வழியெல்லாம் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும் முதல் நன்றி. ஒத்தக்கடை தாண்டியதும் அம்மாவுக்குச் செருப்பு அறுந்துபோனது, ரோட்டோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா எதுவும் கேட்காமல் தன் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்தார்.

நடந்து போய்க் கோரிக்கை வைத்ததற்கு ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்கு. என் தம்பி அப்போது அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான், நாளைக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு பைசா வாங்காத வக்கீல்கள் ஊர்ப் பொது மந்தையில் எங்களோடு தரையில் உட்கார்ந்து, எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது, சம்மன் வந்தால் என்ன செய்வது என்று கிழவிகளுக்கும் புரிகிற மாதிரி பத்து தடவை சொன்னார்கள். அந்த இரவுக்கு அப்புறம்தான் நாங்கள் தூங்கினோம். இதை எப்படித் திருப்பிச் செய்வது என்று தெரியவில்லை ஐயா.

2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் இந்தச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டவர்களுக்கும், 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்த மத்திய அரசுக்கும், 11,608 பேர் மேல் இருந்த வழக்குகளை வாபஸ் வாங்கிய அப்போதைய முதல்வர் ஸ்டாலினுக்கும் நன்றி.

இன்னொரு நன்றி ஒடிசாவுக்கு. 2013-ல் நியம்கிரி மலையில் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் 12 கிராம சபைகளிலும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்ன கதையைக் கேட்டுத்தான், எங்கள் கிராம சபைத் தீர்மானத்துக்கும் மதிப்பு உண்டு என்று நம்பினோம். அதே ஒடிசாவில், சிஜிமாலி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று நின்ற ஆதிவாசிகளை 2023-ல் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். எங்களுக்காக எழுதிய கைகள் அவர்களுக்காகவும் எழுத வேண்டும், கேட்டுக்கொள்கிறோம்.

பூக்காரக்கா, நீல வார் போட்ட உங்கள் செருப்பை அம்மா கழுவித் திண்ணையில் வைத்திருக்கிறார். ஒத்தக்கடைக்கு இரண்டு தடவை வந்து தேடினோம். யாராவது பார்த்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.