பட்டறையைத் தண்டனையாகக் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைக் கல்வியை மாற்றியமைப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுபவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களும் அதிபர்களும். நான் திருகோணமலைத் திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்துபவன். பிள்ளைகள் கையால் தொழில் கற்பதைக் கிட்ட இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. செய்து கற்கும் கல்வியை, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தவறியவர்களுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். பரீட்சைக்கு முன்பே, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

இப்போது நடப்பது இதுதான். பெறுபேறு வந்த அடுத்த கிழமை தகப்பன்மார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக் கொட்டிலுக்கு வருவார்கள். "கணக்குக்கு டபிள்யூ, பாஸ் இல்லை. இனி இவனுக்குப் படிப்பு ஏறாது. உங்களோட வைச்சுக்கொள்ளுங்கோ" என்று பிள்ளை நிற்கும்போதே சொல்வார்கள். அதற்கு முந்திய வருடங்களிலும் அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டு வளர்ந்தது, "படிக்காட்டி எஞ்சின் கடைக்குத்தான் போவாய்" என்ற பேச்சைத்தான். என் தொழிலில் எனக்குப் பெருமை உண்டு. யார் சொல்லியும் அது குறையாது. ஆனால் தண்டனை என்று காட்டி வெருட்டிய இடத்துக்கு ஒரு பிள்ளை எப்படி ஆசையோடு வரும்? முதல் சில மாதங்கள், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணத்தை அவன் மனதிலிருந்து எடுப்பதிலேயே போய்விடுகின்றன. எஞ்சின் பழக்குவது அதன் பிறகுதான்.

சல்லி என்ற ஊர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். வந்த புதிதில் வாய் திறக்கமாட்டான். ஏதும் கேட்டால் நிலத்தைப் பார்ப்பான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும், 50க்கு 1 என்ற கணக்கில். 20 லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு ஒயில் என்று கேட்டேன். தெரியாது என்றான். சரி, ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டு, அளவுக் குவளையைக் கையில் கொடுத்தேன். 1,000 மில்லிலீற்றரை 50 பங்காக்கினால் 20. அப்படியென்றால் 20 லீற்றருக்கு 400. தானே அளந்து அளந்து கண்டுபிடித்தான். ஒயில் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இறுகிப்போய்க் கோடு விழுந்த பழைய பிஸ்டன் ஒன்றைக் காட்டினேன். கூடினால் என்ன ஆகும் என்பதற்கு, கரி பிடித்த பிளக் ஒன்று. அதன் பிறகு விகிதக் கணக்கில் அவன் தடுமாறி நான் பார்க்கவில்லை. பாடசாலையில் படிப்பித்த அதே விகிதம்தான். இங்கே அது பிழைத்தால் படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் எஞ்சின் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும்.

என் கொட்டிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எஞ்சினைப் பூட்டியவனே, கடலில் ஓட்டிப் பார்க்கும்போது சம்மாட்டியோடு படகில் ஏற வேண்டும். கோணேசர் மலையைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். பின்பக்கத் துவாரத்தால் குளிர்நீர் ஒழுங்காகப் பீறிட்டு வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது மெலிந்தால் உள்ளே தண்ணீரை இறைக்கும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கரையில் மணலை இழுத்து அடைத்திருக்கும். அந்தப் பையன் முதன்முதலாகப் போய் வந்த அன்று, சம்மாட்டி படகால் இறங்கி, என்னிடம் வராமல் நேரே அவனிடம் போய், "தம்பி, மெதுவா ஓடேக்க அடைக்குது, என்னெண்டு பார்" என்றார். அவன் கார்பரேட்டரில் பெற்றோல் போகும் சின்னத் துவாரமான ஜெட்டைக் கழற்றி ஊதிப் பூட்டிவிட்டு, ஏன் அடைத்தது, இனி அடைக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு விளக்கினான். நாற்பது வருடம் கடலில் போன மனிதர் நின்று கேட்டார். இன்று கொழும்புக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, சிங்களத்தில் விலை பேசி, சாமான் எடுப்பிப்பவன் அவன்தான். அவனுக்குத் தன்னம்பிக்கை பற்றி நான் ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை.

ஆனால் இதைப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான மருந்தாக மட்டும் பார்க்க வேண்டாம். கடற்றொழில் செய்யும் ஒருவரின் மகள், தரம் 10 படிப்பவள், கணக்கிலும் விஞ்ஞானத்திலும் முன்னணிப் பிள்ளை, தகப்பனோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பாள். ஓமின் விதி அவளுக்கு மனப்பாடம். மல்டிமீற்றரைக் கையில் கொடுத்து, பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயிலின் மின்தடையை அளக்கச் சொன்னபோது மீற்றரின் கம்பி முனைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு காலைப்பொழுதில் பழகிவிட்டாள். பழுதான கொயிலையும் நல்ல கொயிலையும் பக்கத்தில் வைத்து அளந்து, "மாமா, இதுக்குள்ள கம்பி அறுந்திட்டுது" என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் எஞ்சினியராக வரட்டும், வைத்தியராக வரட்டும். அந்தக் காலைப்பொழுது அவளுக்கும் தேவைப்பட்டது.

இது நான் கண்டுபிடித்த யோசனையும் அல்ல. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தரம் 6 தொடக்கம் 9 வரை தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று இருந்தன. ஊரில் என்ன தொழில் உண்டோ அதைப் பாடசாலை எடுத்துப் படிப்பிக்கலாம். நான் அந்தக் காலத்துப் பிள்ளை. எங்களுக்கு மீன்பிடி. கரைவலை இழுக்கும் இடத்துக்கு ஆசிரியரோடு போய், வலை மடியின் கண் அளவு, கயிற்றின் நீளம், பட்ட மீனின் வகை, பங்கு பிரிக்கும் கணக்கு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினோம். அரசாங்க உத்தியோகத்தரின் மகனும் படகு நடத்தும் தண்டையலின் மகனும் ஒரே கயிற்றை அளந்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. பயிற்றப்பட்ட ஆசிரியர் போதாது, கருவி இல்லை, பெற்றோர் விரும்பவில்லை என்று காரணங்கள் சொன்னார்கள். முதல் இரண்டையும் பணம் செலவழித்துத் தீர்க்கலாம். மூன்றாவது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இப்போதும் தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடம் இருக்கிறது. நான் விசாரித்த பிள்ளைகளில் பலர் அதையும் கொப்பியில் படம் கீறித்தான் படித்திருக்கிறார்கள். குறடு பிடித்ததில்லை, ஒரு பிளக் பூட்டியதில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி நல்ல திட்டம். சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை பாடசாலையிலேயே தொழிற்பாடங்களோடு தொடரலாம். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதுவும் பரீட்சைக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் பிள்ளையின் மனம் முறிந்து போகிறது.

பட்டறையில் படித்தவர்களுக்கும் வழி இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. என்.வி.க்யூ எனப்படும் தேசிய தொழிற்றகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலைத்தளத்திலேயே தொழில் கற்றவர், வகுப்புக்குப் போகாமலே, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறவும் முடியும். என்னிடம் பழகிய ஒருவன் அதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனான். கொடுத்த படிவம் சிங்களத்தில் இருந்தது, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், அவன் பிறகு போகவில்லை. தமிழில் படிவமும், தமிழில் கேள்வி கேட்கும் மதிப்பீட்டாளரும், வருடத்தில் குறித்த ஒரு தவணையில் திருகோணமலைக்கே வந்தால் எத்தனையோ பேர் கையில் சான்றிதழ் இருக்கும். அந்தக் கடதாசி இல்லாததால்தான் நிறுவனங்களின் வாசலில் எங்கள் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. 16 வயது வரை கல்வி கட்டாயம். அது அப்படியே இருக்க வேண்டும். தேத்தண்ணி வாங்கவும் கொட்டில் கூட்டவும் பிள்ளைகளை வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு, அவற்றுக்கு ஒரு பிள்ளையையும் அனுப்பக்கூடாது. நான் கேட்பது, பாடசாலை ஒழுங்கு செய்து, ஆசிரியர் ஒருவர் கூடவே வந்து நிற்கும் வகுப்பு. சின்னப் பிள்ளைகள் ஓடும் எஞ்சினுக்குக் கிட்டப் போகக்கூடாது, உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் படகில் ஏறக்கூடாது. கற்றதை அந்த ஆசிரியர் கணக்குப் பாடத்தோடும் விஞ்ஞானப் பாடத்தோடும் தொடுத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு இடம் குறைவில்லை. தம்பலகாமத்தில் உழவு இயந்திரம் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் படகு கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் குளிரூட்டி திருத்தவும் சமையலுக்கும் ஆள் வேண்டும். சீனக்குடாவில் மா ஆலையும் சிமெந்து ஆலையும் இருக்கின்றன. மாகாணக் கல்வி அமைச்சும் இதே ஊரில்தான். அமைச்சின் அதிகாரிகள் நான்கைந்து பாடசாலைகளில் ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் அதையும் உங்கள் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகுகள் கரையில் நிற்கும். எஞ்சின்களை முழுதாகக் கழற்றிப் பார்ப்பது அப்போதுதான். பிள்ளைகள் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. வரும் வாடையில் சனிக்கிழமைக் காலைகளில் நான்கு பிள்ளைகளை, ஆசிரியர் ஒருவரோடு, காசு வாங்காமல் ஏற்க நான் தயார். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வரலாம். விரும்பும் அதிபர்கள் பத்திரிகை ஊடாகத் தெரிவித்தால் நானே பாடசாலைக்கு வந்து பேசுவேன்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் திருத்துனர் ஒருவர்,
திருக்கடலூர்,
திருகோணமலை.