சில்லர் குளிராவிட்டால் கேஸ் ஏற்றும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதம் வந்தாலே இங்குள்ள மண்டப நிர்வாகிகளுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. கூடத்துக்குக் குளிர்நீர் தயாரித்து அனுப்பும் சில்லர் காலையிலிருந்து ஓடுகிறது, மின் கட்டணம் ஏறுகிறது, கூடத்தில் மட்டும் குளிர் இல்லை. வந்து பார்ப்பவர் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுகிறார், "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று சிலிண்டரைத் திறக்கிறார். சில வாரங்களில் அதே புகார் மறுபடியும் வருகிறது. குளிர்நீரும், வால்வைத் திருப்பினால் வெந்நீரும் தரும் ஹீட் பம்ப் சில்லர்களில் இந்த அவசரம் கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரையே காவு வாங்கிவிடும். பணம் கட்டும் நிர்வாகக் குழுவினர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கேஸ் என்று நாம் சொல்லும் குளிரூட்டும் வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான். குறையாத இயந்திரத்தில் ஏற்றினாலோ வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டன்சரில் திரவம் தேங்கும், அழுத்தம் எகிறும், இருக்கிற குளிரும் குறையும்.

ஆகவே முதலில் தண்ணீர். பெரும்பாலான சில்லர்கள் 12 டிகிரியில் நீரை வாங்கி 7 டிகிரியில் திருப்பித் தருமாறு வடிவமைக்கப்பட்டவை. வித்தியாசம் 5 டிகிரி. வினாடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதை இந்த வித்தியாசத்தாலும் 4.19 ஆலும் பெருக்கினால் கிடைப்பது கிலோவாட். 20 டன் குளிர்த்திறன் கொண்ட சில்லர் என்றால் சுமார் 70 கிலோவாட். அதற்கு நிமிடத்துக்கு 200 லிட்டர் நீர் ஓட வேண்டும்.

வித்தியாசம் 8, 9 டிகிரி காட்டினால் நீரோட்டம் போதவில்லை. வாரம் முழுக்கச் சும்மா கிடந்து சனி, ஞாயிறு மட்டும் ஓடும் மண்டபங்களில் இரும்புக் குழாயின் துரு மொத்தமும் ஸ்ட்ரெய்னர் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிக் கழுவுங்கள், குழாயின் உச்சியில் தேங்கிய காற்றை வெளியேற்றுங்கள். பம்ப் சுழலும் திசையையும் பாருங்கள். ஏதாவது மின்வேலை நடந்தபின் மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் பம்ப் எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சில்லருக்குள் ஃபேஸ் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் ரிலே இருக்கும். தனியாக நிற்கும் பம்புக்குப் பல இடங்களில் அது இல்லை. நீரோட்டம் குறைந்து சில்லர் அடிக்கடி நின்றுபோகிறது என்பதற்காக, நீரோட்டம் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்ச்சின் வயரைச் சேர்த்து முறுக்கி விடுவதை எந்த நிர்வாகமும் அனுமதிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தட்டு வெப்பப் பரிமாற்றியில் நீர் உறைந்து தட்டு வெடித்தால் தண்ணீர் கேஸ் குழாய்க்குள் புகுந்து, கம்ப்ரசர் வரை எல்லாம் பாழாகும்.

வெளியேறும் நீர் 7 டிகிரி, வித்தியாசம் வெறும் 2 என்றால் சில்லர் மேல் குற்றமில்லை. கூடத்துக் காற்றூதியின் ஃபில்டர், தளர்ந்த பெல்ட், காற்றூதிக்குள் போகாமல் நீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தே கிடப்பது ஆகியவற்றைப் பாருங்கள். நீரோட்டம் சரியாக இருந்து, எல்லா கம்ப்ரசரும் ஓடியும் வித்தியாசம் 2 டிகிரியில் நின்று, நீர் 12 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால்தான் கோளாறு இயந்திரத்தில் இருக்கிறது.

அங்கேயும் முதலில் கண்டன்சர் காயில். செம்பனை ஆலையின் கொதிகலன் புகைக்கரியும் நார்த்தூசும் காற்றில் வந்து காயிலின் மெல்லிய தகடுகளுக்கிடையே படியும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், டார்ச் அடித்தால்தான் அடைப்பு தெரியும். காற்று போகும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே, மென்மையான அழுத்தத்தில் நீர் பாய்ச்ச வேண்டும். கார் கழுவும் ஜெட்டை அருகில் பிடித்தால் தகடு மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும். மழைக்குப் பாதுகாப்பு என்று சில்லருக்கு மேலே தகரக் கூரை போடுவதும் தவறு. மேல்நோக்கி வீசும் சூடான காற்று கூரையில் மோதித் திரும்பி, அதே காயிலுக்குள் நுழைகிறது. வெளியே 33 டிகிரி இருக்கும்போது காயிலுக்குள் போகும் காற்று 40 இருந்தால் அந்தக் கூரையைக் கழற்றுங்கள்.

இதற்குப் பிறகுதான் கேஜ். ஆர்-410ஏ வகை கேஸ் ஓடும் சில்லரில் 7 டிகிரி நீர் வரும்போது கம்ப்ரசரின் உறிஞ்சும் பக்கம் ஏறத்தாழ 7.5 முதல் 8 பார், அழுத்தும் பக்கம் நம் வெயிலுக்கு 26 முதல் 29 பார் இருப்பது இயல்பு. அழுத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூப்பர்ஹீட்டும் (ஆவியான கேஸ் தன் கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி சூடாகியிருக்கிறது), சப்கூலிங்கும் (திரவமான கேஸ் அந்த நிலைக்குக் கீழே எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது) சேர்த்து அளக்க வேண்டும். உறிஞ்சு அழுத்தம் குறைந்து, சூப்பர்ஹீட் கூடி, சப்கூலிங் குறைந்திருந்தால் கேஸ் உண்மையிலேயே குறைவு. உறிஞ்சு அழுத்தம் குறைந்து, சூப்பர்ஹீட் கூடியிருந்தும் சப்கூலிங் மட்டும் குறையாமல் இருந்தால் திரவக் குழாயில் அடைப்பு. அந்தக் குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரின் இருபுறமும் தொட்டுப் பார்த்தாலே ஒரு பக்கம் குளிர்ந்திருப்பது தெரியும். இந்த இடத்தில்தான் தேவையில்லாமல் கேஸ் ஏற்றப்படுகிறது.

ஹீட் பம்புக்கே உரிய கோளாறு, குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் மாற்றும் நான்குவழி வால்வில். வால்வின் உள்ளே நகரும் கட்டை முழுமையாக உட்காராவிட்டால், கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான கேஸ் குறுக்கே புகுந்து கம்ப்ரசருக்கே திரும்பிவிடும். உறிஞ்சு அழுத்தம் கூடியும் அழுத்தும் பக்கம் குறைந்தும் காட்டும், கம்ப்ரசர் கொதிக்கும், குளிர் வராது. கம்ப்ரசர் தேய்ந்தாலும் கேஜில் இதே அளவுதான் வரும் என்பதால், நல்ல கம்ப்ரசரை மாற்றிச் செலவழித்து ஏமாறுகிறார்கள். பிரித்தறிய எளிய வழி உண்டு. குளிர்நீர்ப் பரிமாற்றியிலிருந்து வால்வுக்குள் வரும் குழாய், வால்வின் நடுவிலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் குழாய் ஆகிய இரண்டின் வெப்பத்தையும் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி அளந்து பாருங்கள். 1, 2 டிகிரி வேறுபாடு சாதாரணம். 4, 5 டிகிரி கூடினால் வால்வு கசிகிறது. வேறுபாடு இல்லாவிட்டால் கம்ப்ரசரைச் சந்தேகிக்கலாம். வால்வைச் சுத்தியலால் தட்டாதீர்கள், உடல் நசுங்கினால் கட்டை சிக்கிக்கொள்ளும். புதிய வால்வைப் பற்றவைக்கும்போது ஈரத்துணி சுற்றி, குழாய்க்குள் நைட்ரஜன் ஓடவிட வேண்டும். உடல் 120 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கட்டை உருகும்.

விசேஷம் முடிந்ததும் மெயின் சுவிட்ச்சை அணைத்துவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கம்ப்ரசர் அடியில் உள்ள சிறு ஹீட்டர் எண்ணெயைச் சூடாக வைத்து, கேஸ் அதில் கரையாமல் தடுக்கிறது. மின்சாரம் இல்லாமல் ஐந்து நாள் கிடந்த கம்ப்ரசரைச் சனிக்கிழமை காலை திடீரென ஓட்டினால், எண்ணெய் நுரைத்துப்போய் பேரிங் தேயும். கன்ட்ரோலரில் மட்டும் நிறுத்துங்கள். மெயின் அணைந்திருந்தால், ஓட்டுவதற்கு 24 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

நிர்வாகக் குழுக்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சில்லர் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். நீர் வரும், போகும் வெப்பம், இரு அழுத்தங்கள், சூப்பர்ஹீட், சப்கூலிங், காயிலுக்குள் போகும் காற்றின் வெப்பம், ஒவ்வொரு ஃபேஸின் ஆம்பியர் ஆகியவற்றை வேலைக்கு முன்னும் பின்னும் எழுதச் சொல்லுங்கள். கேஸ் ஏற்றினால் தராசில் நிறுத்த கிலோ கணக்கும், கசிவு எந்த இடத்தில் அடைக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும். அந்தத் தாள் நிரம்பாமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
குளிர்சாதனப் பராமரிப்புத் தொழிலாளர்கள்,
ஊத்தான் மெலிந்தாங், பேரா.