பழைய பாலத்தை விட்டுவைக்க வேண்டும்

முல்லைத்தீவு
2025 ஒக்டோபர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. பதில் போடாதது என் பிழைதான். அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் விடுகிறதில்லை. சேர் இன்னும் உன்னைக் கப்டன் என்றுதான் விசாரிக்கிறார். மாமி வீட்டுப் பலா இந்த முறையும் காய்த்தது, உனக்கு விளங்கும்.

இப்போது என்னை எழுத வைத்தது சின்னவள். போன கிழமை ரியூசன் முடிந்து வட்டுவாகல் பாலத்தால் சைக்கிளில் வரும்போது பின்னால் ஒரு மணல் டிப்பர் விடாமல் கோர்ன் அடித்திருக்கிறது. ஒதுங்க எங்கே இடம்? ஒரு வாகனம் ஏறினால் மற்றது கரையில் நிற்க வேண்டிய பாலம், பிடிக்கக் கம்பியும் இல்லை. பயந்து ஓரத்துக்கு வெட்டினவள் சைக்கிளோடு விழுந்து வலது கை முறிந்துவிட்டது. நந்திக்கடலுக்குள் போகாதது கடவுள் செயல். இறாலுக்கு வலை வீசிக்கொண்டு நின்றவர்கள்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மாவுக்கட்டோடு அவள் படுத்திருந்த இரவு, நீ அமெரிக்காவில் உன் சின்சினாட்டிப் பாலத்தைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம், மேலும் கீழுமாக இரண்டு தட்டு, 1963இல் நாளுக்கு 80,000 வாகனம் என்று கட்டியது, இப்போது ஏறத்தாழ இரு மடங்கு ஓடுகிறது. 1985இல் வாகனம் ஓடும் நிரையைக் கூட்டவென்று ஒதுங்கும் ஓரத்தையே எடுத்துவிட்டார்கள். 2020 நவம்பரில் இரண்டு லொறி மோதித் தீப்பிடித்து, ஆறு கிழமையாக நீ ஊரைச் சுற்றி வேலைக்குப் போனாய். இப்போது பக்கத்தில் புதுப்பாலம் கட்டி, ஊரைத் தாண்டிப் போகிற நெடுஞ்சாலை வாகனங்களை அதில் விடப்போகிறார்கள். பழையது அக்கரைக் கொவிங்டனுக்கும் சின்சினாட்டிக்கும் இடையில் வந்துபோகிற ஊர்ச்சனத்துக்கு. தட்டுக்கு நாலு நிரையை மூன்றாக்கி, பறித்த ஓரத்தையும் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

இங்கேயும் செப்டெம்பரில் புதுப்பாலத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. எத்தனை வருசமாகக் கேட்டது, சந்தோசம்தான். ஆனால் கட்டி முடிந்ததும் டிப்பரும் யாழ்ப்பாண பஸ்ஸும் சைக்கிளும் மாடும் திரும்ப ஒரே பாலத்தில்தானே? அகலமான பாலம் கிடைத்தால் டிப்பர் இன்னும் வேகமாக ஓடும். பழையதைத் திருத்திக் கம்பி போட்டு, சைக்கிள்காரருக்கும் நடக்கிறவர்களுக்கும் வலை வீசுகிறவர்களுக்கும் விட்டால் என்ன? பாலம் தொடங்குகிற இடத்தில் இரண்டு கல் நட்டால் மாடு போகும், டிப்பர் போகாது. மாரியில் தண்ணீர் மேவும் நாட்களில் மட்டும் எல்லாரும் புதியதால் போகட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது மச்சான். 2009 மே மாதம், சண்டை முடிகிற நாட்களில், நாங்கள் இந்த வட்டுவாகல் பாலத்தால்தான் நடந்து வந்தோம். அம்மாவை ஒரு பக்கம் நீ பிடித்தாய், மற்றப் பக்கம் நான். அதில் வைத்துக் கடைசியாகக் கண்ட பிள்ளையை இன்னும் தேடுகிற தாய் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறா. அந்தப் பாலத்தை உடைத்துக் கல்லாக ஏற்றிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது.

கடற்றொழிலாளர் சங்கத்தில் பேசிவிட்டேன். மனு ஒன்று எழுதுகிறோம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: சின்சினாட்டியின் அந்த இரண்டு பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற, எது யாருக்கு என்று காட்டுகிற வரைபடம் ஒன்று அனுப்பு. பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போகவேண்டும். மாரி தொடங்க முதல் வந்தால் நல்லது.

சின்னவள் இடது கையால் உனக்கு ஒரு படம் கீறியிருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்